அரசர் தூங்க மூடிய பட்டறைகள்

முன்னொரு காலத்தில் வெண்குன்றம் என்ற நாட்டைச் சேந்தவர்மன் என்ற அரசர் ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பதை மரியாதைக்காகச் சொல்கிறோம். காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தூக்கம், மதியச் சாப்பாடு முடிந்ததும் இன்னொரு தூக்கம் என்று இருந்தவருக்கு ஆள நேரம் எங்கே கிடைக்கும்?

அவருடைய படுக்கையறைச் சன்னலுக்கு நேர் கீழே கொல்லர் தெரு. ஒருநாள் சம்மட்டிச் சத்தம் அவரை எழுப்பிவிட்டது. அரண்மனை அதிகாரி திருமேனியார் ஓடிவந்தார். அரசர் கொட்டாவி விட்டாலும் அதில் ஒரு கம்பீரத்தைக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடியவர் அவர். "கொல்லர்கள் இனிப் பட்டறையைத் திறக்கக் கூடாது" என்று அன்றைக்கே பறையறைவித்துவிட்டார். சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒன்பது மாதம் போனது. அரண்மனை மதில் நிழலில் முந்நூறு இளைஞர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆடுபுலி ஆட்டம், வெட்டிப் பேச்சு, இடையிடையே பெருஞ்சிரிப்பு. அரசருக்கு மறுபடியும் தூக்கம் போயிற்று.

"எல்லாம் சோம்பேறித்தனம், அரசே. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளைவதில்லை" என்றார் திருமேனியார்.

உடனே அவர் ஒரு சுறுசுறுப்புப் பள்ளி திறந்தார். முந்நூறு பேரும் தினமும் காலையில் வரிசையாக நின்று, "உழைப்பேன், உயர்வேன்" என்று நூறு முறை கத்த வேண்டும். மூன்று மாதம் கத்தியவர்களுக்கு ஆளுக்கொரு பட்டயம், அகலமான பனையோலையில். அவர்கள் அதை வாங்கிக்கொண்டு அதே மதில் நிழலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். இப்போது விசிறிக்கொள்ள ஓலை இருந்தது, அவ்வளவுதான்.

"பள்ளியும் பலிக்கவில்லை. வரும் அமாவாசையன்று எல்லோரையும் பக்கத்து நாட்டு உப்பளத்துக்கு அனுப்பிவிடலாம்" என்றார் திருமேனியார். அரசரும் சரி என்றார்.

அமைச்சர் கூத்தபிரானுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இவர்கள் சோம்பேறிகள் இல்லை, அரசே."

"அப்படியானால் இவர்களைச் சும்மா உட்கார வைத்தவன் யார்?" என்றார் அரசர். " நாளைக்கே அவனை என் முன் நிறுத்தும். முடியாவிட்டால் நீரும் உப்பளத்துக்குப் போகலாம்."

திருமேனியாருக்கு வாயெல்லாம் பல். அரசர் எதற்கெடுத்தாலும் அமைச்சரிடம் யோசனை கேட்பது அவருக்குப் பல வருடத்து வயிற்றெரிச்சல். "அமைச்சருக்கு நல்ல மண்வெட்டியாகப் பார்த்து வைக்கிறேன்" என்றார்.

"பார்த்து வையுங்கள். அதை அடித்துத் தர ஒரு கொல்லனையும் தேடி வையுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கூத்தபிரான் மதில் நிழலுக்குப் போனார், இளைஞர்கள் நடுவே உட்கார்ந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். பதில்களைக் கேட்கக் கேட்க அவருக்கு முகம் சுருங்கியது. ஒரு வருடத்துக்கு முன் சபையில் ஆடிய தலைகளில் தன் தலையும் ஒன்று என்பது அவருக்கு நினைவிருந்தது.

மறுநாள் சபை கூடியது. கூத்தபிரான் மதில் நிழல் இளைஞர்களை அழைத்துவந்து, அவர்களில் வண்டிக்கார இளைஞன் மாடசாமியை நடுவே நிறுத்தினார்.

"உன் வேலை யாரால் போனது? அவர் தோளில் கையை வை."

"செக்காட்டும் வேம்பனால்தான் ஐயா. எண்ணெய் ஆட்டினால்தானே நான் ஏற்றிப் போக?" மாடசாமி வேம்பனின் தோளைப் பிடித்தான்.

"எனக்கு எள் வரவில்லை ஐயா" என்று வேம்பன் உழவன் பொன்னையனின் தோளைப் பிடித்தான்.

"கலப்பைக் கொழு தேய்ந்து போச்சு. எதை வைத்து உழுவேன்?" பொன்னையன் கொல்லன் அங்கப்பனைப் பிடித்தான்.

அங்கப்பன் தயங்கினான். பிறகு நேராக நடந்துபோய்த் திருமேனியாரின் பட்டுச் சால்வை மேல் கையை வைத்தான்.

"கையை எடுடா" என்று திருமேனியார் நெளிந்தார். "நானாகவா மூடினேன்? அரசர் தூக்கத்துக்காக மூடினேன்."

"அப்படியானால் அரசர் தோளில் கை வையுங்கள்" என்றார் கூத்தபிரான்.

திருமேனியார் ஒரு விரலை மட்டும் அரசர் தோளில் வைத்தார்.

அரசர் முகம் சிவந்தது. "என் தூக்கத்தைக் கெடுத்தது யார் தெரியுமா? தினமும் என் சன்னலடியில் உட்கார்ந்து சிரிக்கிற இவன்தான்" என்று சொல்லி, எதிரே நின்ற மாடசாமியின் தோளை எட்டிப் பிடித்தார்.

பிடித்த பிறகுதான் சுற்றிப் பார்த்தார். ஆறு பேர் வட்டமாக நின்றார்கள். அந்த வட்டத்தில் அவரும் ஒருவர்.

"முதல் ஆள் யார் என்று நீங்களே சொல்லுங்கள், அரசே. எனக்குத் தெரியவில்லை" என்றார் கூத்தபிரான். "சத்தம் வேண்டாம் என்று பட்டறையை மூடினோம். பட்டறை மூடியதால் ஊரே உங்கள் சன்னலடிக்கு வந்து சத்தம் போடுகிறது. இவர்களை உப்பளத்துக்கு அனுப்பினால், அடுத்த வருடம் இவர்கள் தம்பிமார் வந்து உட்காருவார்கள்."

"பட்டறையைத் திறந்தால் நான் எப்படித் தூங்குவது?"

"கட்டிலை மேற்கு அறைக்கு மாற்றலாம். அந்தப் பக்கம் பூந்தோட்டம்தான் இருக்கிறது."

அரசர் திருமேனியார் பக்கம் திரும்பினார். "ஒரு வருடமாக என் தூக்கத்துக்காக ஒரு நாட்டையே நகர்த்தினீர். கட்டிலை நகர்த்தலாம் என்று தோன்றவில்லையா?"

"உங்கள் கட்டிலை நகர்த்தச் சொல்ல எனக்கு என்ன தகுதி, அரசே?"

"தூக்கத் தகுதி உண்டு. போய்க் கட்டிலின் ஒரு காலைப் பிடியும்."

தேக்குக் கட்டில் வாசலில் நுழையவில்லை. கழற்றத் தச்சன் வந்தான். உளி மொக்கையாகிவிட்டது என்றான். தீட்டித்தர அங்கப்பன் வந்தான். உலைக்குக் கரி வேண்டும் என்றான். கரி ஏற்றிவர மாடசாமி வண்டியைப் பூட்டினான். அவன் போய் வரும்வரை சால்வை நழுவ, நெற்றி வேர்க்க, கட்டிலின் ஒரு காலைத் தூக்கிப் பிடித்தபடி திருமேனியார் நின்றுகொண்டே இருந்தார்.

அரசர் தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார். பட்டறைத் தடை நீங்கி, அன்று மாலைக்குள் கொல்லர் தெருவில் பதினோரு உலைகள் எரிந்தன. மதில் நிழலில் மீதியிருந்தது கொஞ்சம் பனையோலைதான். அரசர் மேற்கு அறையில் படுத்தார், நன்றாகத் தூங்கினார். நாடும் அன்றைக்குத்தான் விழித்துக்கொண்டது.