கம்ப்யூட்டர் ரூம் பூதம்

கம்ப்யூட்டர் ரூமில் கரண்ட் போனது. டீச்சர் ஃபியூஸ் பார்க்க ஓடினார். மூன்றாம் வகுப்பு இசக்கியின் திரை மட்டும் அணையவில்லை. அதில் ஒற்றைக் கண் திறந்தது.

"நான்தான் இந்தப் பெட்டிக்கு ராஜா! எனக்கு ஒரு வேலை சொல். எதுவானாலும் நொடியில் முடிப்பேன். முடித்ததும் உன்னை விழுங்குவேன்" என்றது பூதம்.

பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் பதுங்கினார்கள். நிறுத்தச் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் நிறுத்தாது என்று டீச்சர் காலையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"ஒரு தடவை கண்ணைச் சிமிட்டு. சிமிட்டினதும் மறுபடி முதல்லருந்து ஆரம்பி" என்றாள் இசக்கி.

"இவ்வளவுதானா?" பூதம் சிரித்துக்கொண்டே சிமிட்டியது.

இன்னும் சிமிட்டுகிறது. டைப் அடிக்க உட்கார்ந்தால் நீங்களும் பார்க்கலாம். சிமிட்டிச் சிமிட்டி அந்தக் கண் சின்னக் கோடாகத் தேய்ந்துவிட்டது.

பாவம் பார்த்து, "போதும்" என்று மட்டும் அதில் தட்டிவிடாதீர்கள்.