ஒற்றைக் கை வேலை

"சாமி, எனக்குப் பயமா இருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

"எதுக்கு?"

ஆவுடையப்பன் இடது மணிக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பயம் அங்கேதான் இருந்தது. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது.

கோயம்புத்தூரில் பம்ப் செட் கம்பெனி வைத்திருப்பவர் அவர். குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு பைத்தியம், கைக்கடிகாரம். பேட்டரி போட்ட கடிகாரத்தை அவர் கடிகாரமாகவே மதிப்பதில்லை. சாவி கொடுத்தால் ஓடவேண்டும். பின்பக்கக் கண்ணாடி வழியாகச் சக்கரங்கள் சுற்றுவது தெரியவேண்டும். அதைப் பார்க்க உட்கார்ந்தால் மனிதர் சோற்றை மறந்துவிடுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசியாக அந்தத் தங்கக் கடிகாரம் வந்து சேரும்வரை.

வீட்டில் வைத்துவிட்டுப் போனால் திருடன். பூட்டியே வைத்தால் உள்ளே எண்ணெய் உறைந்துபோகும். கட்டிக்கொண்டு கிளம்பினால் கதவு நிலை, கார் பெல்ட், மேஜை விளிம்பு. கடவுள் இந்த உலகத்தைப் படைத்ததே தன் கடிகாரத்தில் கீறல் போடத்தானோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தையல்காரரிடம் சொல்லி எல்லாச் சட்டையிலும் இடது கைப்பட்டியை மட்டும் அகலமாக வைக்கச் சொன்னார். அந்தக் கையால் கதவைத் தள்ளுவதில்லை, பை தூக்குவதில்லை. ராத்திரி தூக்கமும் போயிற்று.

இவ்வளவையும் சாமியிடம் சொன்னார். காதுகுத்தை மட்டும் சொல்லவில்லை.

காதுகுத்து அவருடைய தங்கை மங்கையின் பிள்ளைக்கு. கல்யாணமாகி வெகுநாள் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியோடு கிட்டே வந்ததும் பிள்ளை வீரிட்டுத் திமிறி, கைக்கு அகப்பட்ட கடிகாரத்தைப் பற்றி இழுத்தது. ஆவுடையப்பன் இடது கையை வெடுக்கென்று உதறிக்கொண்டார்.

பிள்ளை மடியிலிருந்து சரிந்து, குத்துவிளக்கின் அடியில் நெற்றி மோதி விழுந்தது.

உயிருக்கு ஒன்றும் இல்லை. நெற்றி புடைத்து, இரண்டொரு நாளில் வடிந்துவிட்டது. ஆனால் மங்கை பிள்ளையை வாரி எடுத்தபோது கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள், அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அன்றிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை. அப்பா அம்மா போனபிறகு அவருக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

சாமி, அவர் சொன்னதையெல்லாம் கேட்டார். அவர் ஆவுடையப்பனைவிட வயதில் சின்னவர், தலை இன்னும் நரைக்கவில்லை. மலையடிவாரத்தில் ஓலை வேய்ந்த மடம், வருகிறவர்களுக்கு ஏதாவது ஒரு வேலையும் சோறும், அவ்வளவுதான் அவருடைய சம்பத்து. கேட்டு முடித்துவிட்டு அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அது நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. கும்பிட்டபோதும் வலது கை மட்டும்தான் உயர்ந்தது.

"பேச்சி" என்று கூப்பிட்டார் சாமி.

அடுப்படியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நடு வயது. இடது கை முழங்கையோடு முடிந்திருந்தது.

"இவருக்கு இடது கை விளங்காது. ஒத்தைக் கை வேலையாப் பாத்துக் குடு."

ஆவுடையப்பன் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். வெளியே ஒருவர் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். சிராய் தெறித்துப் பறந்தது.

அவர் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"என் பயத்துக்கு ஒரு வழி சொல்லலையே, சாமி."

"நாளைக்குப் பாப்போம்" என்று சாமி எழுந்துபோனார்.

பேச்சிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அசலூரில் சொந்த ஊர்க்காரரைக் கண்டதுபோல ஆகிவிட்டாள். தன் வித்தையெல்லாம் எடுத்து விட்டாள். தேங்காயைக் கணுக்காலுக்கு நடுவே இடுக்கி ஒரே போடாக உடைத்தாள். தீப்பெட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு குச்சியை உரசினாள். இந்த வட்டாரத்தில் இரண்டு கைக்காரி ஒருத்தியும் தனக்கு ஈடில்லை என்றாள். அதில் கொஞ்சம் அளப்பும் இருந்தது.

ஆவுடையப்பன் இடுக்கிய தேங்காய் உருண்டு ஓடிற்று.

"பழகிரும் அண்ணாச்சி. மொதல்ல அழுக வரும். பெறவு நின்னுரும்."

அவளுடைய கை அரிசி மில் பெல்ட்டில் போயிற்றாம். அதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மகள் பெற்ற பிள்ளையைத் தானாகத் தூக்கியதே இல்லை என்று சொன்னபோதுதான் சிரிப்பு நின்றது. யாராவது மடியில் கொண்டுவந்து வைப்பார்களாம். அது கொஞ்சம் அசைந்தாலும் தன் உயிரே போய்விடும் என்றாள்.

"என் மடியிலேர்ந்து ஒரு பிள்ளை விழுந்துடுச்சு" என்றார் ஆவுடையப்பன்.

ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. சொல்லத் தொடங்கியதும் மங்கை பேசாதது வரை வந்துவிட்டது. கடிகாரம் மட்டும் வரவில்லை.

பேச்சி நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஒத்தைக் கையில எம்புட்டுதான் பிடிப்பீக? ஒங்க மேல குத்தமே இல்ல. ஒங்க தங்கச்சிக்குத்தான் புத்தி இல்ல. கை விளங்காத மனுசன் மடியில பிள்ளைய வைக்கலாமா?"

ஆவுடையப்பன் தலை குனிந்துகொண்டார். தன் கைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லவேண்டியதுதான். சொல்லவில்லை. எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கினாற்போல இருந்தது.

அன்று ராத்திரி அடித்துப்போட்டாற்போலத் தூங்கினார்.

காலையில் எழுந்ததும் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். பயம் போய்விட்டது என்றே தோன்றிற்று. இனிச் சாமியின் பதிலும் தேவையில்லை, சொல்லிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான் என்று அடுப்படிக்குப் போனார்.

பேச்சி பெரிய பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். பானைக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல் நழுவிற்று. பானை அவள் பக்கமாகச் சாய்ந்தது. அவள் இருந்த ஒரு கையையும் நீட்டினாள். அது போதாது.

ஆவுடையப்பன் பாய்ந்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து நிமிர்த்தினார்.

கொதிக்கிற கஞ்சி அவர் விரல்களில் வழிந்தது. மணிக்கட்டு பானையில் மோதி ணங்கென்றது. பானை நின்றதும் அவர் முதலில் பார்த்தது விரலை அல்ல. கடிகாரத்தின் விளிம்பில் தங்கம் நசுங்கி, கண்ணாடிக்குள் ஆவி படர்ந்திருந்தது.

"சாமி, அண்ணாச்சிக்குக் கை வந்துட்டு."

பேச்சியின் குரல் மடம் முழுக்கக் கேட்டது. கிணற்றடியில் நின்றவரும் விறகு பிளந்தவரும் ஓடிவந்தார்கள். சாமியும் வந்து வாசற்படியில் நின்றார். அவர்கள் சாமியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பேச்சி யாரையும் கவனிக்கவில்லை. வெந்துபோன அந்த இடது கையைப் பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள், முந்தானையால் ஒற்றினாள், பிறகு தன் கண்களில் வைத்துக்கொண்டு அழுதாள். கடிகாரம் அவள் கன்னத்தில் அழுந்தியது. அது என்னவென்றுகூட அவள் பார்க்கவில்லை.

ஆவுடையப்பன் கூனிக் குறுகிப்போனார். இத்தனை சந்தோஷத்தை அவருக்காக யாரும் பட்டதில்லை.

"இனி அந்தப் பிள்ளையத் தூக்கலாம். போனப் போடுங்க அண்ணாச்சி. கை வந்துட்டுன்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க. ஒடனே கோவம் தீந்துரும்."

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"போடுங்க. நீங்க பேசலன்னா நான் பேசுதேன்."

"அவளுக்குத் தெரியும்மா" என்றார் ஆவுடையப்பன்.

"என்ன தெரியும்?"

"கை நல்லாத்தான் இருக்குன்னு."

"எப்பமிருந்து?"

"எப்பவுமே."

பேச்சி அவர் கையை விடவில்லை. விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தாள். மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை. புரியவில்லை, அவ்வளவுதான்.

"பெறவு பிள்ளைய ஏம் விட்டீக?"

ஆவுடையப்பன் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார்.

சாமியும் அவருடைய பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.