பிரதானியின் பட்டுச் சால்வை

கொன்றையூர்ச் சமஸ்தானத்தில் புத்திக்குப் பஞ்சமே இல்லை. அத்தனையும் ராஜாவின் தலைமை மந்திரியான பிரதானி பெத்தண்ணர் ஒருவரிடமே குவிந்து கிடந்தது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு கோடையில் பக்கத்துச் சீமையில் வைசூரி பரவியது. பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அந்தச் சமயம் பார்த்துச் சவரிராயன் என்ற அம்மை குத்துகிறவர் கொன்றையூருக்கு வந்தார். பசுவின் அம்மைப்பாலைக் கையில் கீறி வைத்தால் வைசூரி அண்டாது என்றார். பிரதானி உடனே ஒரு சேதியைக் கிளப்பிவிட்டார். குத்திக்கொண்டவனுக்கு அமாவாசையன்று கொம்பு முளைக்குமாம், பேச்சு போய் மாடு மாதிரி கத்துவானாம். பிரதானியே சொன்ன பிறகு ஆராய்ச்சி எதற்கு? ஒரு வாரத்தில் அது காதில் விழுந்து ராஜா துரைவேங்கடர் நடுங்கிப்போனார். பொழுது சாய்வதற்குள் சவரிராயன் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

சபைப் புலவர் நல்லபெருமாள் உத்தரவைக் கேட்டதும் வீட்டுக்கு ஓடினார். அவர் வீட்டுத் தொட்டிலில் பல் முளைக்காத பெண் குழந்தை கிடந்தது. சவரிராயன் போய்விட்டால் அதற்கு வேறு கதி இல்லை. வாதாடியும் பயனில்லை. ராஜாவுக்கு நியாயம் ஏறாது, பயம்தான் ஏறும். அந்தப் பயத்துக்கே இன்னும் கொஞ்சம் தீனி போடலாம் என்று சபைக்குப் போனார்.

“உத்தரவு பிரமாதம் மகாராஜா,” என்றார். “ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. குத்துகிறவரை விரட்டுகிறோம். குத்திக்கொண்டவர்கள் ஊருக்குள்ளேதானே இருக்கிறார்கள்? நாளைக்கு வேற்றூர்த் தூதர் முன்னால் ஒருவர் கொம்போடு வந்து நின்றால் நம் மானம் என்ன ஆவது? கையில் அடையாளம் உள்ளவர்களையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள். சபையிலிருந்தே தொடங்கலாம்.”

ராஜாவுக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. சோதிப்பதும் சுலபம். ராஜா முன்னால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பது அங்கே வழக்கம், ஆகவே எல்லார் கையும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. பிரதானி மட்டும், கொளுத்துகிற சித்திரையில், ராஜா போட்ட பட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்தியிருந்தார். அரசர் தந்த மரியாதையைக் கழற்ற மனம் வரவில்லையாம். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். நல்லபெருமாளுக்கு அந்த வியர்வை மேல்தான் சந்தேகம்.

ராஜா கழற்றச் சொன்னார். பிரதானி ஜலதோஷம் என்றார், வாயுப்பிடிப்பு என்றார், கடைசியில் கழற்றினார். மேல்கையில் புத்தம்புதுக் கொப்புளம். கொசுக்கடி என்று சாதித்தார். எல்லை கடத்துவதற்காகச் சபையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்த சவரிராயன் பணிவாக, அந்தக் கொசு தாம்தான் என்றும், பிரதானி வீட்டில் பேரன் வரை எல்லோரையும் கடித்தாயிற்று என்றும் சொன்னார்.

“பெத்தண்ணரே, பின் ஏன் ஊரைப் பயமுறுத்தினீர்?” என்று ராஜா கேட்டார்.

“மருந்து கொஞ்சமாக இருந்தது மகாராஜா,” என்றார் பிரதானி, தரையைப் பார்த்தபடி. “எல்லாரும் கேட்டால் எங்கள் வீட்டுக்குப் போதாதே.”

சவரிராயன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. குத்திய பிள்ளையின் கொப்புளத்திலிருந்து பால் எடுத்துத்தான் அடுத்த பிள்ளைக்குக் குத்துவது என்று விளக்கினார். ஊர் முழுக்கக் குத்தியிருந்தால் ஊர் முழுக்க மருந்து இருந்திருக்கும். இப்போது அது பிரதானியின் பேரன் கையில்தான் இருந்தது.

பேரனைத் தூக்கி வந்தார்கள். முதல் குத்து நல்லபெருமாளின் மகளுக்கு. அவள் வீறிட்டு அழுதாள். அதைக் கேட்டு நல்லபெருமாளுக்கும் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம். அடுத்து ராஜாவே கையை நீட்டினார். பிரதானிக்குத் தண்டனையும் கிடைத்தது. வெறும் தோளில் பேரனைச் சுமந்துகொண்டு சவரிராயன் பின்னால் தெருத்தெருவாகப் போக வேண்டும்.

ராஜா கையை ஊதிக்கொண்டே, “ஊரெல்லாம் குத்திக்கொண்டால் என்ன ஆகும், புலவரே?” என்று கேட்டார்.

“ஒரு காலத்தில் வைசூரியே இருக்காது மகாராஜா. அப்போது, இல்லாத நோய்க்கு ஊசி எதற்கு என்று ஒரு புத்திசாலி வந்து கேட்பார்.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். “அவருக்கு என்ன பதில் சொல்வது?”

“பதில் எதற்கு? சால்வையைக் கழற்றச் சொன்னால் போதும்.”