சென்னியப்பனுக்காக எந்த நெஞ்சைப் பார்ப்பது?

விசைத்தறித் தொழிலாளர் சங்கத் தலைவர் சென்னியப்பன் அரசு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். அங்கிருந்த இதய ஸ்கேன் கருவியே அவர் நடத்திய மறியலால் வந்ததுதான். கல்வெட்டில் மட்டும் ரிப்பன் வெட்டியவர் பெயர்.

வீட்டில் மூன்று பேரையும் ஒரு காய்ச்சல் புரட்டிப்போட்டிருந்தது. அவருக்கு மட்டும் நெஞ்சுவலியும் சேர்ந்துகொண்டது. ஸ்கேனில் இதயத் தசை தடித்திருந்தது.

“காய்ச்சலால் வந்த அழற்சி என்றால் சில மாதத்தில் வடியும். பரம்பரைத் தசைக் கோளாறு என்றால் வடியாது. ரத்த சொந்தத்திலும் இருக்கலாம். இன்னொருவர் நெஞ்சைப் பார்த்தால் துப்புக் கிடைக்கும். இன்றைக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது,” என்றார் டாக்டர் ஜெசிந்தா.

சென்னியப்பன் மகள் கனல்மொழியைப் பார்த்தார். ஆறு மாதத்தில் அவளுக்கு மாநில ஓட்டப் போட்டி. பரம்பரை என்றால் அவள் ஓட்டத்துக்கே ஆபத்து.

மனைவி தெய்வானை முந்திக்கொண்டாள். “அதே காய்ச்சல் எனக்கும்தானுங்க. என்னையப் பாருங்க.”

“நீ வேற ரத்தம், அம்மா. நான்தான் அப்பா ரத்தம். காய்ச்சலும் வந்துச்சு,” என்றாள் கனல்மொழி.

அப்போது உள்ளே வந்தாள் பாவாத்தாள், சென்னியப்பனின் உடன்பிறந்த அக்கா. எதிர்ச் சங்கத்துக்காரி, பதினோரு வருடமாகப் பேச்சில்லை. மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். அந்தக் காய்ச்சல் அவள் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

“என்னையப் பாருங்க டாக்டர். இவனுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கறதே இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.”

வார்டே சிரித்தது. சென்னியப்பனுக்கும் சிரிப்பு வந்தது. வலித்தது, அப்படியும் சிரித்தார். ஆனாலும் எதிர்ச் சங்கத்தின் தயவா? “தெய்வானையவே பாருங்க,” என்றார் விறைப்பாக.

“எங்க சங்கத்து நெஞ்சு சுத்தமா இருந்துட்டா உனக்கு அவமானமாடா?”

டாக்டர் ஒரு பெயரை எழுதினார். நீங்கள் சொல்லுங்கள்: அந்த ஒற்றை இடம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பாவாத்தாளுக்கு. தெய்வானை ரத்த உறவில்லை. அவள் இதயம் பரம்பரையைப் பற்றி எதுவும் சொல்லாது. கனல்மொழிக்கு ரத்தமும் உண்டு, காய்ச்சலும் உண்டு. தடிப்பு இருந்தால் எதனால் என்று பிரிக்க முடியாது. இல்லாவிட்டாலும் நம்ப முடியாது, பரம்பரைக் கோளாறு வயதானபின் தலைகாட்டலாம். காய்ச்சல் படாத ரத்த உறவு அக்கா ஒருத்திதான். ஸ்கேன் எடுத்தபோது அவள் இதயத்தில் தடிப்பில்லை. அது நல்ல துப்பு, ஆனால் முடிவில்லை என்று டாக்டர் காத்திருந்தார், கனல்மொழியையும் ஓடவிடவில்லை. நான்காம் மாதம் சென்னியப்பனின் தடிப்பு முழுக்க வடிந்திருந்தது, காய்ச்சல் அழற்சிதான் என்று உறுதியாகி கனல்மொழிக்கும் ஓட அனுமதி கிடைத்தது. போட்டியன்று மைதான ஓரத்தில் அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு சங்கக் கோஷத்தைப் போட்டி போட்டுக் கத்தினார்கள். பிள்ளை மூன்றாவதாக வந்தாள். தொண்டை கட்டியது இவர்களுக்கு.