அரியணையின் மறுபாதி

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டேதான் ஆரம்பிக்கிறேன்.

ஒரே அரியணையில் பாதிப் பாதியாக உட்கார்ந்து ஆண்டார்கள் ஒரு ராஜாவும் ராணியும். ராஜா செத்தபின் ராணி தன் பாதியில் இருந்தபடியே தனியாக ஆண்டாள். மறுபாதிமேல் தளபதிக்கு ஆசை. அரியணை துடைக்கும் பூவாயியிடம், "நாளைக்கு நான் உட்கார அந்த இடத்தைத் தயார் பண்ணு. இல்லாவிட்டால் உன் தலை இருக்காது" என்றார். பண்ணினாலோ ராணி அவளைச் சும்மா விடமாட்டாள்.

மறுநாள் அமாவாசை. சபை நிறைந்திருக்க, தளபதி மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். மறுபாதியில் வாழையிலை விரித்து, சோறும் வடையும் பாயசமும் வைத்திருந்தது.

"என்னடி இது?"

"செத்துப்போன ராஜாவுக்குப் படையலுங்க எசமான். இங்கே நீங்க உட்கார்ந்தா இனிமே இது உங்களுக்குத்தான். காக்காயைக் கூப்பிடட்டுங்களா?"

ராணிக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. சபையே சிரிக்க, தளபதி படியிறங்கிப் போனார்.

ஆனாலும் தளபதி மறுபடி வந்து உட்கார்ந்துவிடுவாரோ என்ற பயம் பூவாயியை விடவில்லை. அன்றிலிருந்து அரியணையைத் துடைத்து, மறுபாதியில் ஓர் இலையை விரித்துவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.