மாசிலாமணி முயல் வாங்கிய காட்டெருமை

மலையடிவாரத்துக் குளக்கரையில் ஒரு வளை. அதில் மாசிலாமணி என்ற முயலும் அவன் மனைவி செங்கமலமும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் ஏழு. பல் முளைத்த நாளிலிருந்து ஏழும் வாயை மூடியதே இல்லை.

மாசிலாமணி கிழங்கு வியாபாரி. குளக்கரையில் தோண்டிய கிழங்கைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் கூடும் சந்தைக்குப் போவான். கிழங்கைக் கொடுத்துத் தினையும் உப்பும் வாங்கி வருவான். கழுதைக்குக் கூலி வழியில் கிடைக்கும் புல். அதையும் கழுதையே மேய்ந்துகொள்ளும்.

வளைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குழி இருந்தது. மழைக்காலம் வந்துவிட்டால் மண் சேறாகிவிடும். கிழங்கு தோண்ட முடியாது. அதற்காகச் சேர்த்து வைத்த கிழங்கெல்லாம் அந்தக் குழியில்தான் கிடந்தது. மழைக்காலத்தில் ஏழு வயிறும் அதை நம்பித்தான் இருந்தன.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து வரும் வரை.

முயல் வீட்டுக் காதுகுத்து என்றால் சும்மாவா? அவ்வளவு நீளக் காதில் எந்த இடத்தில் குத்துவது என்று பேசி முடிக்கவே அரை நாள் ஆகும். பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, செங்கமலத்தின் தங்கை புருஷன் பூவராகன் ஒரு கடமான் மேல் வந்து இறங்கினான். கூடியிருந்த சொந்தமெல்லாம் வாயைப் பிளந்தது.

"சகலை, நீங்க இன்னும் கழுதைதானா?" என்றான் பூவராகன். "பரவாயில்லை, அதுக்கும் நாலு கால் இருக்கில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். மாசிலாமணியும் சிரித்தான். ஆனால் அவனுக்கு வைத்த விருந்தைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டான்.

மறுநாளே அவன் தரகு நரியைத் தேடிப் போனான். சவாரிக்கு ஏற்ற விலங்குகளைப் பேசி முடித்துத் தருவதுதான் அந்த நரியின் தொழில். தண்ணீர் வற்றிய ஏரியின் நடுவில் அது கடை போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு காட்டெருமை நின்றது. கருகருவென்ற உடம்பு, வளைந்த கொம்பு, காலில் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நிறம்.

"முதலாளி, இது சாதாரண உருப்படி இல்ல," என்றது நரி. "எருமை அகலம், மான் வேகம். ரெண்டும் ஒண்ணா வேற எங்கயும் கிடைக்காது. ஏறி உக்காந்து பாருங்க. பிடிக்கலைன்னா இறங்கிடுங்க."

மாசிலாமணி திமில் மேல் ஏறி உட்கார்ந்தான். காட்டெருமை பாய்ந்தது. மேடு பள்ளம் இல்லாத ஏரித் தரை, குறுக்கே ஒரு எறும்பு கூட இல்லை. புழுதி பின்னால் எழும்பியது. அவன் காதுகள் இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டன. பயத்திலும் சந்தோஷத்திலும் அவன் "ஓ" என்று கத்தினான்.

"விலை?" என்று மூச்சு வாங்கியபடி கேட்டான்.

"உங்க குழியில பாதி."

"தீனி எவ்வளவு ஆகும்?"

"உங்களை மாதிரி ஆளுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா, முதலாளி?"

கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை. ஆனால் 'உங்களை மாதிரி ஆளுக்கு' என்ற சொல் நுழைந்த பிறகு, அந்த நீளக் காதில் வேறு எதற்கும் இடம் இல்லாமல் போய்விட்டது. பேரம் முடிந்தது.

வீட்டு வாசலில் காட்டெருமை வந்து நின்றதும் வளைக்குள் இருட்டிவிட்டது. செங்கமலம் வெளியே வந்து பார்த்தாள். முதலில் நான்கு கால்கள் தெரிந்தன. அண்ணாந்து பார்த்தபோது மேலே புருஷன் தெரிந்தான்.

"ஏங்க, இதை எங்க கட்டுவீங்க?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம். எப்படி இருக்கு சொல்லு."

"நல்லாத்தான் இருக்கு. குழியில பாதியைக் காணோமே, அது எப்படி இருக்கும்னு மழை வந்தா சொல்றேன்."

பிள்ளைகளுக்கு மட்டும் கொண்டாட்டம். ஏழும் வால் வழியாக ஏறித் திமிலிலிருந்து சறுக்கி விளையாடின. காட்டெருமை அசையாமல் நின்று கொடுத்தது. அது தங்கமான மாடு, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தீனிதான் பிரச்சினை. கோடையில் புல் காய்ந்து கிடந்ததால் அதற்கும் கிழங்குதான் போட வேண்டியிருந்தது.

"சும்மா நின்னாலும் இவ்வளவு திம்பியா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"திம்பேம்மா," என்றது காட்டெருமை வெட்கத்தோடு. "சும்மா நின்னாத்தான் அதிகமா பசிக்குது."

சந்தை நாள் வந்தது. கழுதை வழக்கம்போல விடியும்போதே வாசலுக்கு வந்துவிட்டது.

"நீங்க போங்கண்ணே," என்றான் மாசிலாமணி. "நான் வெயில் ஏறட்டும்னு இருக்கேன். எப்படியும் உங்களுக்கு முன்னால போயிடுவேன்."

"சரி தம்பி," என்று கழுதை பக்கத்து வளைக் கீரியின் மூட்டையை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

மாசிலாமணி மூன்று முறை முகம் கழுவினான். மீசையை நீவினான். பிறகு திமில் மேல் ஏறினான். குளக்கரையிலிருந்து மலைவாய் வரை காட்டெருமை பறந்தது. வழியில் கழுதையைத் தாண்டியபோது அவன் கையைக் கூட அசைத்தான். அந்தக் கொஞ்ச நேரம் அவனைப் போல் சந்தோஷமானவன் காட்டில் யாரும் இல்லை.

மலைவாயில் தொடங்குவது ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளம். அந்தப் பாதைக்குக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னால் போகிறவர் ஒதுங்கி வழி விட்டால் ஒழிய யாரும் முந்தக் கூடாது. யானையே வந்தாலும் பின்னால்தான் வர வேண்டும். ஒதுங்குவதற்கென்று அங்கங்கே விட்டிருந்த பொந்துகளில் கழுதை நுழையும், காட்டெருமையின் கொம்பு கூட நுழையாது.

அன்றைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது ஆமைகளின் கல்யாண ஊர்வலம்.

காட்டெருமை ஒரு காலைத் தூக்கும், வைக்க இடம் கிடைக்கும் வரை காத்திருக்கும். மாசிலாமணிக்கு மேலே வெயில், கீழே சூடு.

"பெரியவரே, கொஞ்சம் சீக்கிரம் போகக் கூடாதா? அவசரமா சந்தைக்குப் போறேன்," என்று கடைசியில் போன கிழட்டு ஆமையிடம் கெஞ்சினான்.

"எங்களுக்கும் அவசரம்தான் தம்பி," என்றது ஆமை. "அதனாலதான் போன வாரமே கிளம்பிட்டோம்."

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து குளம்புச் சத்தம் கேட்டது. கழுதைதான். அதுவும் வந்து காட்டெருமைக்குப் பின்னால் நின்றது. அடுத்த பொந்து வந்ததும் ஆமைக் கூட்டம் மரியாதையாக அதில் முடிந்தவரை ஒதுங்கி, கழுதை போகும் அளவுக்கு மட்டும் வழி விட்டு, "குள்ளமானவங்க போகலாம்" என்றது. காட்டெருமையின் வயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்து, கழுதை பாட்டுப் பாடிக்கொண்டே போய்விட்டது. காட்டெருமைக்கு அங்கே திரும்பக் கூட இடம் இல்லை.

மாசிலாமணி சந்தைக்குப் போனபோது உப்புக்காரர் கடையைக் கட்டிவிட்டார். கொண்டுபோன கிழங்கைத் திரும்பக் கொண்டுவந்தான். அதையும் காட்டெருமையே தின்றது.

அடுத்த சந்தைக்கு முன்னால் ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம் போனது, குட்டி குட்டியாய் எண்ணி முடியாத வரிசை. அதற்கடுத்த சந்தைக்கு ஒரு நத்தை. நத்தையைப் பற்றி மாசிலாமணி வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

பொறுக்க முடியாமல் நரியிடம் போய், "திரும்ப எடுத்துக்க" என்றான்.

"எடுத்துக்கலாம் முதலாளி. ஆனா நீங்க குடுத்ததுல கால்வாசிதான் தர முடியும்."

"நல்ல மாடுப்பா, ஒரு கீறல் கிடையாது."

"இருக்கலாம். ஆனா நீங்க திமில்ல ஏறி உக்காந்த நிமிஷமே அது பழைய மாடு ஆயிடுச்சே."

மாசிலாமணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அப்போது முதல் மழை பெய்தது. பெய்த மழை நிற்கவே இல்லை.

ஒரு நாள் செங்கமலம் குழிக்குள் இறங்கிக் கிழங்கு எடுத்தபோது அடிமண் கையில் தட்டியது. மீதி இருந்தது ஒரு கூடை. அதை எண்ணாமலே ஏழு பிள்ளைகளையும் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

கடைக்குட்டி எட்டிப் பார்த்து, "அம்மா, குழிக்கும் பசிக்குமா? எல்லாத்தையும் அதுவே தின்னுடுச்சே" என்றது.

அதைக் கேட்ட மாசிலாமணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "நான்தான் தின்னேன்மா," என்றான். "என் வாய் இல்ல, என் வீம்பு தின்னுச்சு."

"அழுதுக்கிட்டு நின்னா கிழங்கு முளைக்குமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் செங்கமலம். "இந்தக் கூடையைச் சந்தைக்குக் கொண்டு போவோம். கிழங்கா தின்னா ரெண்டு நாள். தினையா மாத்தினா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். நானும் வர்றேன்."

இருவரும் காட்டெருமை மேல் ஏறிப் புறப்பட்டார்கள். குளத்தைத் தாண்டியதும் ஒரு ஓடை. கோடையில் அதை எலி கூடத் தாண்டும். இப்போது அது கரை புரண்டு, செம்மண் நிறத்தில் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. கரையில் பெரிய கூட்டம். கீரி, முள்ளம்பன்றி, கழுதை, அணில்கள், எல்லாரும் மூட்டையோடு நனைந்தபடி நின்றார்கள். ஆமைகளுக்கு மட்டும் கவலை இல்லை. அவை மேட்டுப் பக்கம் போய்த் தண்ணீரில் இறங்கி மிதந்து போய்க்கொண்டிருந்தன.

காட்டெருமை கூட்டத்தைப் பார்த்தது, ஓடையைப் பார்த்தது. எல்லாரும் எதற்கு நிற்கிறார்கள் என்றே அதற்குப் புரியவில்லை. அது பாட்டுக்குத் தண்ணீரில் இறங்கி நடந்து அக்கரை ஏறியது. வயிறு மட்டும் நனைந்திருந்தது.

மாசிலாமணி பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செங்கமலம் திரும்பி அந்தக் கரையைப் பார்த்தாள்.

"ஏங்க, நிறுத்தச் சொல்லுங்க."

"ஏன், ஏதாவது விழுந்துடுச்சா?"

"ஒண்ணும் விழலை. திரும்பிப் போகச் சொல்லுங்க. அங்க நிக்கிறவங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வரலாம். ஒரு தடவைக்கு ஒரு பிடி தானியம் குடுக்கட்டும். இல்லாதவங்க சும்மா வரட்டும்."

மாசிலாமணி மனைவி பக்கம் திரும்பினான். "இது எனக்கு ஏன் தோணலை?"

"நீங்க அது மேல உக்காந்து எப்படித் தெரியறீங்கன்னே பார்த்துக்கிட்டிருந்தீங்க."

அன்றைக்குக் காட்டெருமை ஓடையில் எத்தனை முறை இறங்கி ஏறியது என்று யாரும் எண்ணவில்லை. திமிலில் அணில்கள், முதுகில் கீரிகள். முள்ளம்பன்றியை மட்டும் யாரும் பக்கத்தில் விடவில்லை, அது கொம்பைப் பிடித்துக்கொண்டு வந்தது. கழுதை காட்டெருமையின் வாலைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே நீந்தியது. அக்கரை ஏறியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஈரத்தை உதறினார்கள். கேட்பதற்கு முன்பே மூட்டையை அவிழ்த்து அள்ளிக் கொடுத்தார்கள்.

"களைப்பா இருக்கா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"இப்பத்தாம்மா உடம்பு லேசா இருக்கு," என்றது காட்டெருமை. கரையில் தளதளவென்று முளைத்திருந்த புல்லை ஒரு வாய் கடித்துக்கொண்டு, மறுபடி தண்ணீரில் இறங்கியது.

மழை விட்ட பாடில்லை. சந்தைக்குச் சந்தை கூட்டம் வந்தது. குழியில் தினையும் சாமையும் வரகும் நிறைந்தன. ஏழு பிள்ளைகளும் வயிறு முட்டத் தின்று, பழையபடி வாயை மூடாமல் கத்தின. செங்கமலம் ஒரு முறை கூட அவர்களை அதட்டவில்லை.

மழைக்காலம் முடிந்தது. ஓடை வற்றியது. மாசிலாமணி காட்டெருமையின் நெற்றியைத் தடவினான்.

"இனி நீ மலைக்குப் போய் மேய். இங்க உன்னைப் பட்டினி போட்டு நாங்களும் பட்டினி கிடக்க வேண்டாம். மழைக்கு வா. குளக்கரைக்காரங்க எல்லாரும் சேர்ந்து உனக்குத் தீனி போடுறோம்."

"வர்றேங்க," என்றது காட்டெருமை. "வாங்கும்போது என் வேகத்தைப் பார்த்தீங்க, அகலத்தைப் பார்த்தீங்க. எந்த வழியில போகணும்னு சொல்லியிருந்தா, நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்." பிள்ளைகள் ஏழும் அதன் காலைக் கட்டிக்கொண்டு விடை கொடுத்தன.

அது போன கொஞ்ச நேரத்தில் பூவராகன் ஓட்டமும் நடையுமாக வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"சகலை, ஊரெல்லாம் உங்க காட்டெருமையைப் பத்தித்தான் பேச்சு. எனக்குத் தூக்கமே இல்ல. அதான், கடமானைக் குடுத்துட்டு ஒரு யானை பேசி வெச்சிருக்கேன். எங்க குழி முழுசையும் நரி கேக்குது. எடுத்துக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"உங்க ஊர்ல ஓடை இருக்கா, சகலை?"

"இல்லையே."

"மலை?"

"எங்க ஊரே பொட்டல்தானே."

"அப்ப யானை மேல ஏறி எங்க போகப் போறீங்க?"

பூவராகன் யோசித்தான். காதைச் சொறிந்தான். கடைசியில் மெதுவாகச் சொன்னான்: "உங்க வீட்டு வரைக்கும்."

செங்கமலம் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாசிலாமணிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. பூவராகனும் சேர்ந்து சிரித்தான். பிறகு வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் நினைப்பு வந்து, நரி குழியைக் காலி செய்வதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று எடுத்தான் ஓட்டம். கடமானும் இல்லாமல், யானையும் இல்லாமல், தன் சொந்தக் காலிலேயே அவன் அவ்வளவு வேகமாக ஓடினான்.

எவ்வளவு பெரிய ஆற்றலாக இருந்தாலும், நாம் போகும் வழியில் அதற்கு வேலை இருந்தால்தான் கொடுத்த விலைக்குத் தகும். அடுத்தவர் கண்ணுக்காக வாங்கினால் அது நம் பிள்ளைகளின் சோற்றைத்தான் தின்னும்.