குட்டிக்கரண விதி

முதலில் அறிய வேண்டியது இது: ரகோத்தமன் வீட்டு மேசையில் இருபது முகப் பகடையை உருட்டிப் போர் விளையாடுவார்கள், தன் வீரன் செத்தால் ஆடுபவர் எழுந்து போக வேண்டும், பூதத்தை ஆட்டுபவரும் விதிகளை வகுப்பவரும் ரகோத்தமனே. தமயந்தி ஆட்டும் கழைக்கூத்தாடிப் பெண் ஒவ்வொரு முறையும் குட்டிக்கரணம் போட்டே தப்பி வந்தது பொறுக்காமல், அன்று அவர் அவளுக்கும் பூதத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் வரைந்து புது விதி சொன்னார்.

"பள்ளத்தைத் தாண்டுபவர் பகடையில் பதினைந்துக்குக் குறைந்தால் விழுந்து சாவார்."

"எல்லாருக்குமா, அண்ணா?"

"என் வீட்டில் ஆளுக்கொரு விதியா? தாண்டும்மா, பார்க்கலாம்."

"நான் தாண்டவில்லை. பூதம் இந்தப் பக்கம் வரட்டும்."

ரகோத்தமன் சிரித்தபடியே பூதத்தைப் பள்ளத்துக்கு மேல் தூக்கினார். தமயந்தி பகடையை அவர் முன்னே நகர்த்தினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் உருட்டினார். நான்கு விழுந்தது.

பின்னர் முடிவானவை: பூதம் செத்தது. கழைக்கூத்தாடி பிழைத்தாள். தமயந்தியை மறுவாரம் யாரும் அழைக்கவில்லை. அவளுடைய நாற்காலியில் இப்போது ரகோத்தமனின் மைத்துனர் அமர்கிறார். அவர் குட்டிக்கரணம் போடப் பகடை தேவையில்லை.